முழுக் கப் டீ

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் மூன்று பேர். ஜன்னலோரம் ஓர் அம்மா, நடுவில் அவர் கணவர், இந்தப் பக்கம் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர்.

"என்ற மூளைக்குள்ள ஒயர் போட்டிருக்குதுங்க" என்று கணவர் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எதுக்குங்க?" என்றார் வேட்டிக்காரர்.

"பார்க்கின்சன் நடுக்கமுங்க. அது வாரப்ப மூளையில ஒரு சிக்னல் வருமாம். நெஞ்சுல வெச்ச மிசினு அதப் பாத்து அதுவே கரண்டக் கூட்டிக் கொறைச்சுக்குது. மேடு ஏறுனா லாரி டீசல் கூட எடுக்கறாப்ல."

"அப்ப நீங்க நெனைக்கறதும் அதுக்குத் தெரியுமாங்க?"

"தெரிஞ்சா, இவரு நெனைக்கறதக் கேக்க எனக்கும் ஒரு ஒயரு கேட்டிருப்பனுங்களே" என்றார் மனைவி.

ராசிபுரத்தில் அந்த அம்மா ஜன்னல் வழியாகக் கணவருக்கு அரைக் கப் டீ கேட்டார். கணவர் முழுசாகத் தரச் சொன்னார். நடுக்கத்தால் வருடக்கணக்காக ஸ்ட்ரா போட்டுக் குடித்தவராம். கப் ஆடாமல் உதடுவரை போனது. மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அந்நேரம் பஸ் குலுங்கிக் கிளம்ப, பாதி டீ பக்கத்திலிருந்த வேட்டிக்காரரின் வேட்டியில் கொட்டியது.

கணவரின் முகம் சுருங்கிவிட்டது. "நானில்லீங்க" என்றார் மெதுவாக.

வேட்டிக்காரர் ஈரத்தை உதறினார். "நானும் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். பஸ்ஸுதான் ஆடுச்சு."