தலைத்தீபாவளிக்கு அழைக்கப் போன முதலாளி

மாண்பமைந்த அக்கிராசனாதிபதி அவர்களே! முன் வரிசையில் முறுக்கிய மீசையோடு வீற்றிருக்கும் ஜவுளி வர்த்தகப் பெருமக்களே! ஒரு புடவைக்கு ஒன்பது கடை ஏறி இறங்கும் பொறுமைக் கடலாம் தாய்மார்களே! கால் கடுக்க நின்று அந்தப் புடவைகளை மடித்து வைக்கும் சிப்பந்தித் தோழர்களே! உங்களில் ஒருவனாகிய கருத்தக்கண்ணனின் கனிந்த வணக்கம்!

"தீபாவளி மாதத்தில் எந்தச் சிப்பந்திக்கும் விடுப்பு இல்லை." இதுதான் முதலாளிமார் இன்று நிறைவேற்ற இருக்கும் தீர்மானம். அதற்கு முன் ஒரு கதை கேளுங்கள். கதாநாயகர் இங்கேயே இருக்கிறார். சேக் இஸ்மாயில் ராவுத்தர் அவர்களே, எழுந்து ஓடிவிடாதீர்கள்!

சென்ற ஆண்டு தீபாவளியும் ரம்ஜானும் கைகோத்து வந்தன. ராவுத்தர் கடையில் கூட்டமான கூட்டம்! துணி அளந்து கிழிக்கும் சோணைமுத்துவுக்கோ மகளின் தலைத்தீபாவளி. வெற்றிலைத் தட்டோடு வீடு தேடிப் போய் அழைக்காமல் மாப்பிள்ளை வருவாரா? வரமாட்டார்! சமயநல்லூர் போய்வர அரைநாள் கேட்டார். கிடைத்ததா? கிடைக்கவில்லை! மனிதர் கண் கலங்கிக்கொண்டே துணி கிழித்தார்.

செய்தி ராவுத்தரின் வீட்டம்மா அஜ்மல் பீவி காதுக்கு எட்டியது. அந்த அம்மாள் கேட்டார்: "அவரு போனா யாவாரம் நின்னு போகும். நீங்க போனா யாரு தேடப் போறா? அவருக்கு அண்ணன் முறைக்கு நீங்க போயி அழைச்சிட்டு வாங்க!"

போனார் ஐயா, போனார்! தட்டும் வேட்டியுமாகப் போனார்! மாப்பிள்ளையின் தாய் ஒச்சம்மாள் பணியாரம் வைத்தாள். ராவுத்தர் தொடவில்லை. அவள் முகம் சுண்டிவிட்டது.

"கை நனைக்காமப் போனா என்னய்யா சம்பந்தம்? எம் மகனை அனுப்ப மாட்டேன்!"

"நோன்பு வச்சிருக்கேன் தாயி. பொழுது சாயட்டும், அம்புட்டையும் திங்கிறேன்."

பொழுது சாயும்வரை அந்த வீடே அவரோடு பட்டினி கிடந்தது! பிறகு ஒச்சம்மாளே பானகம் கரைத்துக் கொடுத்து நோன்பு திறக்க வைத்தாள்.

என்ன தம்பி கேட்கிறீர்? "கடை என்னாச்சு அண்ணே" என்றா? முதலாளி இல்லாத கடை முன்னைவிட ஜோராக நடந்தது! (ராவுத்தரே சிரிக்கிறார், பாருங்கள்!)

தீபாவளி விடியலில் சோணைமுத்து வீட்டில் மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைத்தார்கள். அடுத்து வந்தது ரம்ஜான் பெருநாள். சோணைமுத்து சொன்னார்: "நீங்க எல்லாரும் தொழுதுட்டு நிதானமா வாங்கண்ணே. கடைய நான் பாத்துக்கிறேன்." பக்கத்தில் நின்று துணி மடித்தது யார்? அழைத்தால்தான் வருவேன் என்ற அதே மாப்பிள்ளை! அன்று அவரை யாரும் அழைக்கவே இல்லை!

பெரியோர்களே! பூட்டி வைத்தால் ஆள் நிற்பான். அவன் மனம் நிற்குமா? ஆகவே தீர்மானத்தில் ஒரு திருத்தம் கோருகிறேன். சிப்பந்தியை விட முடியாத நாளில், தட்டைத் தூக்கிக்கொண்டு முதலாளி புறப்படட்டும்!

கைதட்டிய கரங்களுக்கும், தட்டாமல் தீர்மானத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்ட தலைவருக்கும் நன்றி! வாழ்க! வணக்கம்!