முதுகுக்கு ஒரு தகடு

— அதெல்லாம் இருக்கட்டும்க்கா. அவர் வண்டியை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். முங்கறப்போ முதுகுல காத்து சிலிண்டரைத் தாங்கற தகடு எனக்குச் சொந்தமா வேணும். அவர் ஸ்டீல்தான் வாங்கணும்பாரு. நீங்க அலுமினியமே போதும்னு சொல்லிடணும்.

— கேட்டுக்கோம்மா, இந்த ஏரில முங்கறவங்களுக்கு ஸ்டீல்தான் சரின்னு இந்தக் கடைல உக்காந்து ஊருக்கே சொல்றவ நான். உனக்கு மட்டும் எப்படி மாத்திச் சொல்ல?

— எனக்காகச் சொல்லுங்கக்கா.

— காரணம்?

— அலுமினியம்தான் லேசு. விமானத்துல கொண்டு போகணும்.

— ஓ.

— வெளிநாட்டுல ஒரு தீவு. பவளப்பாறை வளர்க்கற நிலையம். என்னைக் கூப்பிட்டிருக்காங்க, ரெண்டு வருஷத்துக்கு. வேலை முக்காவாசி தண்ணிக்குள்ளதான். இத்தனை வருஷமா ஆய்வகத்துல உக்காந்து செத்த மீனா அறுத்துக்கிட்டிருந்தேன். இனிமே உயிரோட இருக்கறதைப் பாக்கலாம்.

— லிஃப்ட் ரிப்பேர் பாக்கற உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?

— சொல்லணும்.

— எப்போ, விமானம் ஏறின பிறகா?

— கிண்டல் பண்ணாதீங்க. தினமும் சாப்பிடறப்போ வாயைத் திறக்கறேன். தண்ணி வேணுமான்னு கேட்டுட்டு மூடிக்கறேன்.

— வேணாம்னு சொல்லிடுவாருன்னு பயமா?

— சொல்ல மாட்டாரு. அதான் பயம். 'சரி, விடு, போயிட்டு வா'ம்பாரு. அந்த மனுஷனுக்கு எல்லாத்துக்கும் ஒரு 'சரி, விடு' இருக்கு. போகாதேன்னு சொன்னா சண்டை போடலாம். சண்டை போட்டுட்டுப் போறது சுலபம். சரின்னு சொல்லிட்டா, நான் இல்லாட்டியும் அவருக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிடும்ல.

— அதாவது, அவர் உன்னை விடணும். ஆனா மனசில்லாம விடணும்.

— கேவலமா இருக்குல்ல?

— கேவலம் என்ன இதுல. எல்லாருக்கும் அதுதான் வேணும். வாய்விட்டுச் சொல்றதில்லை, அவ்வளவுதான். வர்றாரு பாரு, கண்ணைத் தொடைச்சுக்கோ. வாங்க, லிஃப்ட்காரரே.

— என்னக்கா, உங்க தெருவுல வண்டியை நிறுத்தணும்னா லிஃப்ட் வெச்சு மாடிலதான் நிறுத்தணும் போல. எங்க டாக்டரம்மா தகடு எடுத்தாச்சா?

— மீனைப் பத்திப் படிச்சா டாக்டரம்மாவா? அக்கா முன்னாடி வேற.

— மீனும் நோயாளிதானே. உன் மேஜைல வந்து படுக்குது. எழுந்து போறதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அக்கா, அந்த ஸ்டீலை எடுங்க. ஆங், இது தகடு. டாக்டரம்மா, தூக்கிப் பாரு.

— பாத்தேன். கனமா இருக்கு.

— கனத்துக்குத்தானே வாங்கறோம். ஏரித் தண்ணி ஐஸ் மாதிரி, நீ தடி உடுப்பு போடற. அது உன்னைப் பந்து மாதிரி மேல தூக்குது. அதை அமுக்க இடுப்பு பூரா ஈயக்கட்டியாக் கோத்துக்கிட்டு, வீட்டுக்கு வந்து இடுப்பு போச்சு, இடுப்பு போச்சுன்னு முனகற. இந்தக் கனம் முதுகுல பரவிட்டா ஈயத்துல பாதி குறையும். லிஃப்ட்டும் அப்படித்தான். பெட்டிக்குத் தக்க எதிர் எடை இருந்தாத்தான் நின்ன இடத்துல நிக்கும்.

— எதைச் சொன்னாலும் லிஃப்ட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயிடுவீங்க. எனக்கு அலுமினியம் போதும்.

— அக்கா, நீங்களே சொல்லுங்க.

— நான் என்ன சொல்ல. கேட்டுக்கோங்க, அலுமினியமும் நல்லா உழைக்கும். என்ன, உப்புத் தண்ணில இறங்கினா ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவணும். ஆணி இருக்கற இடத்துல உப்பு தங்கினா அரிச்சிடும்.

— ஏரில ஏதுக்கா உப்பு?

— பொதுவாச் சொன்னேன்.

— சரி, விடுங்க. இது என்ன, ஆரஞ்சுக் கலர்ல?

— ஊதற பலூன். தண்ணிக்கு மேல வந்ததும் ஊதி நிமித்தினா, படகுல இருக்கறவங்களுக்கு ஆள் எங்கன்னு தூரத்துலேருந்தே தெரியும்.

— இதுல ஒண்ணு குடுங்க. அந்த விசிலும் ஒண்ணு.

— ஏங்க, ஏரில எந்தப் படகு வருது நமக்கு? கரையிலேருந்து பாத்தா அடுத்த கரை தெரியுது.

— இருக்கட்டும், டாக்டரம்மா. வாங்கி வெச்சா சோறா கேக்கப் போகுது. ஆனா தகடு மட்டும் நான் சொல்றதைக் கேளு. போன மாசம் என்ன ஆச்சு? காத்து தீரத் தீர சிலிண்டர் லேசாயிடுச்சு. கயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் அசையாம நின்னுட்டு மேல வரணும், உன்னால நிக்க முடியல. பிச்சுக்கிட்டு மேல போகப் பாத்த. நான்தான் உன் காலைப் பிடிச்சு இழுத்து வெச்சிருந்தேன்.

— மறக்கல.

— ஒவ்வொரு தடவையும் நான் வந்து காலைப் பிடிக்க முடியுமா?

— முடியாதுதான்.

— அதான் சொல்றேன். ஸ்டீல் எடுத்துக்கோ. உன்னைப் பிடிச்சு வெச்சிருக்கும்.

— என்னைப் பிடிச்சு வெக்க வேணாங்க.

— என்னது?

— நான் போற இடத்துல தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். மெல்லிசு உடுப்புதான். இவ்வளவு கனம் வேணாம். ஏங்க, எனக்கு வேலை கிடைச்சிருக்கு. ஒரு தீவுல, கடலுக்குள்ள. ரெண்டு வருஷம். அடுத்த மாசம் போய்ச் சேரணும். உங்ககிட்ட சொல்லாம வெச்சிருந்தது தப்புதான். இப்படிக் கடைல வெச்சு சொல்றது அதை விடத் தப்பு. ஏதாவது சொல்லுங்க.

— சரி.

— சரின்னா?

— சரி, விடு. போயிட்டு வா.

— கேட்டீங்களாக்கா? நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட? ஜோடி இல்லாம யாரும் தண்ணில இறங்கக் கூடாதுன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சண்டை போடற ஆளு இவரு. நான் போயிட்டா உங்களுக்கு யாருங்க ஜோடி? அதைக்கூடக் கேக்கத் தோணலயா?

— கரைல உக்காந்திருப்பேன். கரைலயும் ஆள் வேணும்ல.

— சிரிக்க வெக்காதீங்க, எனக்குச் சிரிப்பு வரல. அக்கா, அந்த அலுமினியத்தையே குடுங்க. தோளுக்கு, இடுப்புக்குப் பட்டையெல்லாம் இனிமேதான் கோக்கணுமா?

— கோத்ததே ஒண்ணு உள்ள இருக்கும்மா, இரு. இந்தா. நல்லா இறுக்கிப் போட்டுப் பாரு.

— நீங்க எதுக்கு என்னையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க? அந்தப் பக்கம் திரும்புங்க.

— திரும்பிட்டேன்.

— அக்கா.

— என்னம்மா, உறுத்துதா?

— இல்ல. எங்கயுமே உறுத்தல. புதுப் பட்டை உடம்புல உக்கார்றதுக்குள்ள இழுத்து, தளர்த்தி, திரும்ப இழுத்து, ஒரு நாள் ஆயிடும்பீங்களே. இது தோள்ல அப்படியே உக்காந்திடுச்சு. கையை மடக்கினா பட்டைல இருக்கற வளையம் விரல்லயே வந்து நிக்குது.

— கால் நடுவுல போற கோவணப் பட்டையையும் இழுத்துப் பாரு. பேரைக் கேட்டுச் சிரிக்காத, அது இல்லாட்டி தகடு கழுத்துக்கு ஏறிடும்.

— அதுவும் சரியா இருக்கு. ஆனா கத்தி உறையை எல்லாருக்கும் இடப்பக்கம்தானே வெப்பீங்க? இதுல வலப்பக்கம் இருக்கு. நான் இடது கைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

— லிஃப்ட்காரரே, இனிமே என்னால ஆகாது. ரெண்டு பேர் ரகசியத்தையும் ஒரே வாய்ல அடக்கிக்கிட்டு, ஒரு வாய் காபி இறங்கல எனக்கு. கேட்டுக்கோம்மா, அதை நான் கோக்கல. போன ஞாயித்துக்கிழமை உன் துணி ஒண்ணைக் கொண்டு வந்து, அந்த ஸ்டூல்ல உக்காந்து, அளந்து அளந்து இவர்தான் கோத்தாரு.

— ஞாயித்துக்கிழமை ஏதோ லிஃப்ட் நடுவுல நின்னு போச்சுன்னுதானே போனீங்க?

— நின்னுதான் போச்சு.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எடை பாக்கற மெஷின் மேல நீ முங்கற சாமான் பையைத் தூக்கி வெச்சு, குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்த. ஏரிக்குப் போறவ பையை எதுக்கு எடை போடறா? இத்தனை கிலோதான் ஏத்துவேன்னு நம்ம காரா சொல்லுது?

— அப்போ எல்லாம் தெரிஞ்சுதான் வந்தீங்க. அலுமினியத்தை நீங்களே எடுத்து, நீங்களே கோத்து வெச்சுட்டு, இவ்வளவு நேரம் எதுக்குங்க ஸ்டீல், ஸ்டீல்னு என் உயிரை வாங்கினீங்க?

— இருன்னு ஒரு தடவையாவது சொல்லிப் பாக்கணும்ல.