சோதிக்காததைச் சொல்லிவைத்த சுபத்திரா அம்மையாருக்கு

நெஞ்சுரத்தில் நிகரற்றவரே! நிரல் எழுதிய கையால் நேர்மையையும் எழுதியவரே! கெலாங் பாத்தா அலுவலகத்தின் முதுகெலும்பாய் முப்பதாண்டு நின்ற மூத்த பொறியாளரே! பணி ஓய்வு விழாவில் தங்களுக்கு மாலை சூட்டும் இவ்வேளையில் எங்கள் மனம் மகிழவில்லை, கொதிக்கிறது. கோபத்தோடே வாழ்த்துகிறோம், பொறுத்தருள்க!

அவையோரே, நடந்ததைக் கேளுங்கள்! செம்பனை எண்ணெய் ஆலைகளின் நீராவிக் குழாய்களைத் திறந்து மூடும் கட்டளைகளைத் தொகுத்து, யாரும் இலவசமாக எடுத்தாளும் திறந்த மூல மென்பொருள் நூலகமாக வெளியிட்டிருக்கிறோம். அவற்றில் சோதித்து முத்திரை குத்தியவை உண்டு. அவசரத்துக்கு நாமே எழுதி, சோதிக்காமல் உள்ளே போட்டுவைத்தவையும் உண்டு. வாசலைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளறைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள் என்று நம்புவது என்ன புத்தி? அதனால்தான் அம்மையார் அந்தச் சோதிக்காத கட்டளைகளுக்கென்றே தனிப் பக்கம் எழுதினார். "இவை எங்கள் அதிகாரபூர்வ வழிகள் அல்ல. யாரும் சோதித்ததில்லை. நீராவி ஓடும்போது தொடாதீர்கள்" என்று அதன் தலையிலேயே போட்டார்.

மேலாளர் கனகராஜ் அவர்களுக்கு அது மானக்கேடாகப் பட்டது.

"அலமாக்! இத பார்த்தா கஸ்டமர்லாம் ஓடிருவாங்க மேடம். எடுத்துருங்க லா," என்று பதறினார்.

"எழுதாம விட்டா, சோதிச்சதா ஆயிடுமா சார்?" என்று கேட்டார் அம்மையார்.

மறுநாள் மேலாளரே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்.

செடெனாக் ஆலைப் பொறியாளர் ரூபேந்திரன் அந்தக் கட்டளைகளில் ஒன்றைக் கண்டெடுத்தார். குழாயை மூடும் என்று நம்பினார். எச்சரிக்க ஒரு வரி இல்லை. குழாய் திறந்துகொண்டது, அவருடைய வலக்கை வெந்துபோனது. அதன் பிறகு நம் நிர்வாகம் செய்ததை நினைத்தால் வயிறு எரிகிறது! பக்கத்தை எடுத்தவரை விட்டுவிட்டு, எழுதியவரைப் பிடித்தது. அவர் எழுதியதால்தான் அந்தக் கட்டளைகள் வெளியே தெரிந்தன என்று கூசாமல் பழிபோட்டு, ஓராண்டு முன்கூட்டியே ஓய்வு கொடுத்து, பொன்னாடையும் வாங்கி வைத்திருக்கிறது.

இந்த வாழ்த்து மடலை முன்கூட்டியே தம் பார்வைக்கு அனுப்பச் சொன்னார்கள் நிர்வாகத்தினர். சர்க்கரையாய் ஒன்றை எழுதி அனுப்பினோம். வாசிப்பது இதைத்தான்.

அம்மையீர்! தாங்கள் இன்னும் அறியாத செய்தி ஒன்றுண்டு. திறந்த மூலத்துக்கு வெளியாரும் திருத்தம் அனுப்பலாம் அல்லவா? நேற்று ஒன்று வந்தது. பழைய பதிப்பிலிருந்து தேடியெடுத்த தங்கள் பக்கம், ஓர் எழுத்தும் மாறாமல், தங்கள் பெயரோடு. அனுப்பியவர் ரூபேந்திரன். இடக்கையால் தட்டினாராம். ஏற்றுக்கொள்ள நம் பொறியாளர் ஒருவர் ஒப்புதல் போதும்; நாங்கள் எல்லோரும் கொடுத்தோம். மேலாளர் அவர்களே, இப்போது கைத்தொலைபேசியைத் தேட வேண்டாம். காலையிலேயே அது உலகம் முழுக்கப் போய்விட்டது.

நோயற்ற உடலும் நிமிர்ந்த தலையுமாய் நெடுங்காலம் வாழ்க, அம்மையீர்! இனி அதை நீக்க நினைப்பவர்கள் முதலில் எங்களை நீக்கட்டும்.

இப்படிக்கு,
ஒப்புதல் கொடுத்த அனைவரும்