கோட்டுப் பையில் ஒரு கடிதம்

— கோட்டைக் கழட்டிக் கொடு, லென். சலவைக்குப் போடணும்.

— சுத்தமாத்தான் இருக்கு, வின்னி.

— உள்பையில என்ன?

— ஒத்திகைக் காகிதம்.

— அம்பது வருஷமா லண்டன் மேடையில ராஜாவா நடிக்கிற... வீட்டுல ஒரு பொய் சொல்லத் தெரியல பாரு. காது செவக்குது.

— நீ மட்டும்? வியாழக்கிழமை பல் டாக்டர்கிட்டயா போன?

— பேச்சை மாத்தாத. எவ எழுதின கடுதாசி?

— எழுபத்தோரு வயசுல எனக்கு எவ எழுதுவா!

— பேய்ப்படத்துல நீ ரத்தம் குடிச்சதைப் பாத்தே மயங்கினவளுங்க எத்தனை பேரு... மறந்துட்டேன்னு நெனச்சியா?

— அந்த மூணு நிமிஷத்தை முப்பது வருஷமாக் குத்திக்காட்டுற...

— கடுதாசி, லென்.

— யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கு.

— எங்கேருந்து... எங்கேருந்து வந்துச்சு?

— பிரதமர் ஆபீஸ்லேருந்து. எனக்கு 'சர்' பட்டமாம். பிராட்ஃபோர்டு கசாப்புக்கடைக்காரன் மகனுக்கு!... ஏன் அழற?

— வந்துடுச்சா! நெஜமாவே வந்துடுச்சா!

— அப்போ... உனக்கு முன்னாடியே தெரியுமா?

— நான்தான் உன் பேரை எழுதிப் போட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு. சம்பந்தப்பட்ட ஆளுக்குத் தெரியவே கூடாதுங்கிறது அவங்க விதி. சிபாரிசுக் கடிதம் கேட்டு எத்தனை டைரக்டர் வீட்டு வாசப்படி ஏறினேன் தெரியுமா?

— அந்த டைரக்டர் கிளைவ் வீட்டுக்குமா?

— முதல்ல எழுதிக் கொடுத்ததே அவன்தான். பட்டம் கொடுக்குற கமிட்டியில அவனுக்கு ஆள் தெரியும். ஏதாவது சேதி உண்டான்னு கேக்கத்தான் வியாழன் வியாழன் போனேன். பல் டாக்டர், வெங்காயம்... எல்லாம் புளுகு.

— போன வியாழக்கிழமை... ஆத்தங்கரை டீக்கடையில...

— பாத்தியா? "லென் பேரு பட்டியல்ல இருக்கு போல"ன்னான். சந்தோஷம் தாங்காம அவன் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டேன். நீ ஏன் உள்ள வரல?

— கண்ணாடிக்கு வெளியவே நின்னுட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல.

— பைத்தியக்காரா!... சரி, பதில் எழுதணுமே. எழுதிட்டியா?

— அந்த வியாழக்கிழமை சாயங்காலமே.

— என்னன்னு?... லென், என்னைப் பாரு. என்னன்னு எழுதின?

— வேண்டாம்னு. நான் 'சர்' ஆனா, பொண்டாட்டிங்கிறதால நீ 'லேடி' ஆயிடுவியே... அதை உனக்குக் கொடுக்க மனசு வரல, வின்னி.