சம்பந்தி தலைக்கு மேல் ஒரு திமிங்கிலம்

ஓய்வு பெற்ற ஆணை வீட்டில் சும்மா உட்கார வைத்தால் சுவருக்குக்கூடப் பாதுகாப்பில்லை என்பது என் மனைவியின் கட்சி. நான் சுவரைத் தொடவே இல்லை. ஜன்னல்களைத்தான் தொட்டேன்.

வண்ணக் கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி, ஈயப் பட்டையில் கோத்து, ஜன்னலில் பொருத்தும் கலையை ஒரு வகுப்பில் சேர்ந்து கற்றேன். ஒரே வருடத்தில் எங்கள் வீட்டில் வெள்ளை வெளிச்சம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. சமையலறையில் சிவப்பு, எது வெந்தது, எது தீய்ந்தது என்று மனைவிக்குத் தெரியாது. குளியலறையில் பச்சை, உள்ளே பல் தேய்ப்பவர் யாராக இருந்தாலும் தவளைதான். தபால்காரர் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றி, தலை குனிந்து நின்றுவிட்டுத்தான் கடிதத்தைப் போடுவார்.

சம்பந்தி மட்டும் அசையவில்லை. மருமகளின் அப்பா. வீடு இரண்டு தெரு தள்ளி. அவரும் ஓய்வு பெற்றவர்தான், ஆனால் எந்தக் கலையும் இல்லாமல் ஓய்வு பெற்றவர். ஒருநாள் எங்கள் கூடத்து ஜன்னலில் நான் உயிரைக் கொடுத்துச் செய்திருந்த மயிலை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. ஆனா ஸ்டிக்கர் ஒட்டினாலும் இப்படித்தானே இருக்கும்?”

“இது கண்ணாடிங்க. ஒவ்வொரு துண்டும் கையால வெட்டினது.”

“அதான் சொல்றேன். இவ்வளவு கஷ்டப்பட்டும் ஸ்டிக்கர் மாதிரியே கொண்டு வந்துட்டீங்களே.”

உள்ளே மனைவி சிரிப்பது கேட்டது. முப்பரிமாணக் கலைக்கு நான் மாறியது அந்த நிமிடத்தில்தான்.

கார் தெருவுக்குப் போயிற்று. கார் நின்ற இடத்துக்கு மின்சூளை வந்தது. கண்ணாடித் துண்டுகளை அச்சில் நிரப்பி, சூளையில் உருக்கி, உருவமாக எடுக்க வேண்டும். முதலில் யானை செய்தேன், உருளைக்கிழங்காக வந்தது. சரியென்று உருளைக்கிழங்கு செய்தேன். அது யானையாக வந்தது. அதன் பிறகு திமிங்கிலத்தில் கை வைத்தேன். பெரிய பூசணிக்காய் அளவு. நீலம், உள்ளே கொஞ்சம் வெள்ளை.

வகுப்பு எடுத்த பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “சார், உருக்குறது பெரிய விஷயமே இல்ல. ஆற விடுறதுதான் வேலை. கனமான பொருளுக்கு நாள் கணக்கா ஆகும். வெளியே ஆறி உள்ளே ஆறலைன்னா, பார்க்க லட்சணமா இருக்கும். என்னைக்காவது ஒருநாள் தானா வெடிச்சிடும்.”

சம்பந்தியோ தினமும் மாலையில் வந்து சூளையைத் தட்டிப் பார்ப்பார்.

“என்ன சம்பந்தி, இன்னும் அடை காக்குதா?”

எத்தனை தடவைதான் கேட்டுக்கொண்டிருப்பது. மூடியைத் திறந்துவிட்டேன்.

திமிங்கிலம் அற்புதமாக வந்திருந்தது. வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸில் ஒரு ரகம் உண்டு. அதில் ஒன்றைக் கண்ணாடிப் பொருளுக்கு முன்னாலும் இன்னொன்றைக் குறுக்காகத் திருப்பிப் பின்னாலும் பிடித்துப் பார்த்தால் உள்விஷயம் தெரிந்துவிடும். நன்றாக ஆறியிருந்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே இறுக்கம் இருந்தால் வானவில் தெரியும். என் திமிங்கிலத்தின் வயிற்றில் நூறு வானவில் தெரிந்தது. அவ்வளவு அழகான நிறங்களை நான் அதுவரை எந்த ஜன்னலிலும் கொண்டு வந்ததில்லை. துணியில் சுற்றிச் சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

வாயை மூட வைக்க வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். மேசையில் வைத்துக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுவதாக இருந்தேன். ஆனால் அவர் கண் கலங்கிவிட்டது.

“சம்பந்தி, இது உயிரோட இருக்கு. உங்களைப் போய் கிண்டல் பண்ணேனே, பாவி நான்.”

அன்றே ஆளைக் கூப்பிட்டு, தன் சாய்வு நாற்காலிக்கு நேர் மேலே இரும்புக் கம்பியில் தொங்கவிட்டார். காலையில் பேப்பர் அதன் அடியில்தான், மதியத் தூக்கமும் அதன் அடியில்தான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “எங்க சம்பந்தி செஞ்சது” என்றார்.

‘அதை இறக்குங்கள், சரியாக ஆறவில்லை’ என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய பாராட்டை அந்த மனிதர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவர் மனம் என்ன பாடுபடும்.

பொறுப்பில்லாமல் நான் இருக்கவில்லை. பள்ளி விட்டதும் பேத்தி அங்கேதான் போவாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“கண்ணு, அந்த நாற்காலிப் பக்கம் போகாதே. திமிங்கிலம் தூங்குது.”

“அப்ப அந்தத் தாத்தா மட்டும் உக்காரலாமா?”

“அவர் பெரியவர்மா.”

நான் போகும்போதும் வாசலை ஒட்டியே உட்காருவேன். “பக்கத்துல வாங்களேன் சம்பந்தி” என்பார். காற்று வேண்டும் என்பேன்.

ஒரு மதியம் அது வெடித்தது. சத்தம் எங்கள் தெருவரைக்கும் கேட்டது. மனைவி சிலிண்டர் என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவர் தலை முழுக்கக் கட்டு. உயிருக்கு ஆபத்தில்லை. ஒரு கண் போய்விட்டது. ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் சரியாகப் பிடிபடாது, டம்ளரில் தண்ணீர் ஊற்றினால்கூட வெளியேதான் விழும், பழகிக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பரிமாணத்தைப் பற்றி எனக்கே தெரியாத விவரம்.

என் குரல் கேட்டதும் சம்பந்தி கையை நீட்டித் துழாவினார்.

“சம்பந்தி, தப்பு என்னோடதுதான். புழுக்கமா இருக்கேன்னு ஜன்னலைத் திறந்து வெச்சேன். குளிர்காத்து பட்டிருக்கும். உங்க உழைப்பையே உடைச்சிட்டேன்.”

அழுதார். அழக்கூடாது, கட்டு நனையும் என்று நர்ஸ் அதட்டினாள். மருமகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அந்த அறையே காத்திருந்தது.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“விடுங்க சம்பந்தி. வேணும்னா செஞ்சீங்க?” என்றேன்.

மனதார அவரை மன்னித்துவிட்டேன்.