வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

"ஒரு பிள்ளையோட அப்பாவுக்கு ரெண்டு சம்சாரம். அதுல பெத்தவ யாருன்னு, எண்ணூறு வருஷம் கழிச்சு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

தாமரைச்செல்வியிடம் இப்படிக் கேட்டவர் ஹாலிஸ் என்கிற வெள்ளைக்காரப் பெரியவர். இங்கிலீஷில்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தாராம்.

மூன்றாவது பில்டிங்கில் சாந்தி இருக்கிறாளே, அவளுடைய நாத்தனார்தான் தாமரை. நடந்ததும் வேறெங்கோ இல்லை. இங்கே, நியூயார்க்குக்குப் பக்கத்தில், நம் பிளெய்ன்ஸ்பரோவில்தான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

டிசம்பர் மாதம். மணி நாலரை. அதற்குள் நல்ல இருட்டு. பிரின்ஸ்டன் தாண்டி, ஹோப்வெல் தாண்டி, காட்டு மேட்டில் ஏறுகிற ரோடு. விளக்கு கிடையாது. எதிரே ஒரு கார் கிடையாது. ஓரத்தில் மான்களின் கண் மட்டும் மினுங்கும்... அணையும். போனில் சிக்னல் எப்போதோ போய்விட்டது.

தாமரை தனியாகத்தான் ஓட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு வேலை, வெள்ளைக்காரர்களுக்கு வம்சாவளி தேடிக் கொடுக்கிற ஒரு கம்பெனியில். வீட்டிலிருந்தே செய்கிற வேலை. அவள் புருஷன் மகிழனுக்கு அது ஒரு பெரிய கேலி.

"நம்ம பங்காளிக யாருன்னு கேட்டா மூணு தலைமுறைக்கு மேல எனக்குத் தெரியாது. நீ வெள்ளைக்காரனுக்குப் பாட்டனத் தேடிட்டு இருக்கற."

"உங்க பங்காளிகளத் தேடுனா கோர்ட்டுக்கல்ல போகோணும். இது எவ்வளவோ மேலுங்க."

ஹாலிஸின் முன்னோர் நார்மண்டிக்காரர்கள். பிரான்சின் வடகரை. கில்பெர்ட் என்று ஒரு பிரபு. அவனுக்கு இரண்டு தாரம். மூத்தவளுக்குப் பிள்ளையே இல்லை, செத்துப்போனாள், இளையவளுக்குப் பிறந்தவன்தான் ஆஸ்பெர்ன் என்று வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். இளையவள் ராஜ வம்சம். அவள் வழி என்றால் ஹாலிஸும் ராஜ வம்சம். அதை உறுதி செய்து கையெழுத்துப் போடத்தான் தாமரையைக் கூப்பிட்டார்.

தாமரைக்கு அந்தப் பையனின் பெயர் இடித்துக்கொண்டே இருந்தது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் பழக்கம். தாமரையின் பத்து மாதக் குழந்தைக்கும் அவளுடைய அப்பா பெயர்தான். கந்தசாமி. டேகேரில் அது 'கேண்டி' ஆகிவிட்டது, அது வேறு விஷயம். அந்தக் காலத்து நார்மன்காரர்களும் இதே பழக்கம் உள்ளவர்கள். கில்பெர்ட் வீட்டில் ஆஸ்பெர்ன் என்று ஒருவரும் இல்லை. இளையவள் வீட்டிலும் இல்லை. மூத்தவளின் அப்பா பெயர் ஆஸ்பெர்ன்.

அப்படியென்றால் பிள்ளை மூத்தவளுடையது. பிடுங்கி இளையவள் மடியில் போட்டிருக்கிறார்கள்.

மூத்தவளின் பெயர் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. ஆஸ்பெர்னின் மகள். அவ்வளவுதான்.

பெரியவர் வீட்டுக்குள் பழங்கம்பளி வாடை. அவர் அவளை ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். அந்த அறைக்கு ஒரு கதவு... கறுத்த மரம், கல் நிலை. நார்மண்டியில் அந்தக் குடும்பத்தின் இடிந்த கோட்டையிலிருந்து ஹாலிஸின் தாத்தா நிலையோடு பெயர்த்துக் கப்பலில் கொண்டுவந்ததாம்.

தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

உள்ளே உட்கார்ந்து தாமரை விஷயத்தைச் சொன்னாள். பெரியவர் முகம் மாறவில்லை. "இன்னும் ஒருமுறை யோசியுங்கள். நான் டீ போடுகிறேன்" என்று எழுந்து போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

டடக்.

இரும்பு நகர்ந்து விழுகிற சத்தம். தாமரை போய்த் தள்ளினாள். அசையவில்லை. ஜன்னல் இல்லாத அறை. டேகேர் ஆறு மணிக்கு மூடிவிடும். அன்றைக்கு மகிழன் நியூயார்க்கில், ஆபீஸில். குழந்தையை எடுக்க வேறு ஆள் இல்லை.

கதவைத் தட்டினாள். கூப்பிட்டாள். பதில் இல்லை.

"மிஸ்டர் ஹாலிஸ், நீங்க சொன்ன மாதிரியே எழுதிக் குடுத்தர்றேன். இளையவ பையன்னே எழுதறேன். திறங்க."

விளக்கு அணைந்தது.

அப்போதுதான் வாசம் வந்தது. கல்லில் ஊறிய ஈரம்... அதற்குப் பின்னால் இன்னொன்று. திரிந்த தாய்ப்பால். பம்ப் பண்ணி மறந்து வைத்த பாட்டிலைத் திறந்தால் வருமே, அதே வாசம். தாமரைக்கு அது நன்றாகத் தெரியும்.

பிறகு சத்தம். கிர்... கிர்... மரத்தை நகம் பிராண்டுகிற சத்தம். கதவின் அடியிலிருந்து மேலே ஏறியது. வெளியே இல்லை. உள்ளே. அவள் பக்கத்தில். கை வைத்துப் பார்த்தாள். கதவின் உள்பக்கம் முழுக்கப் பள்ளம் பள்ளமாக... நகம் போன வழி.

அந்தக் கோட்டையில், இந்தக் கதவுக்குப் பின்னால் ஒருத்தியைப் போட்டு வெளியே தாழ் போட்டிருக்கிறார்கள். அவள் பால் கட்டிக்கொண்டு கிடக்க, பிள்ளை வேறெங்கோ அழுதிருக்கிறது.

தாமரை இருட்டைப் பார்த்துச் சொன்னாள். தமிழ்தான் வந்தது.

"அவன் உங்க பையந்தானுங்க. எனக்குத் தெரியுமுங்க. பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க. உங்க பேருகூட எனக்குத் தெரியல. எம்பட கொழந்தையும் அங்க காத்துட்டு இருக்குதுங்க... என்ன உட்ருங்க."

பிராண்டல் நின்றது. காதுக்கு மிக அருகே யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். விடவே இல்லை.

டடக்.

கதவு திறந்தது. கூடத்து வெளிச்சம். தாமரை பையை வாரிக்கொண்டு பாய்ந்தாள். நிலையைத் தாண்டும்போது, யோசிக்காமல், பிறந்த நாளிலிருந்து வாயில் ஊறிப்போனது வந்துவிட்டது.

"போயிட்டு வர்றேனுங்க."

நம்மில் யாராவது 'போறேன்' என்று சொல்லிவிட்டு எழுந்து போவோமா? மாட்டோம். அவளும் அப்படித்தான் சொன்னாள். யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்கவில்லை.

பெரியவர் டீத்தட்டோடு எதிரே வந்தார். கேட்டதற்கு விழித்தார். "அந்தத் தாழ்ப்பாளா? என் தாத்தா காலத்திலேயே துருப்பிடித்து இறுகிவிட்டது. யாராலும் நகர்த்த முடியாது." தாமரை திரும்பிப் பார்த்தாள். துரு அப்படியே இருந்தது.

டேகேருக்குக் கடைசி நிமிஷத்தில் போய்க் குழந்தையை எடுத்தாள். இரவே ரிப்போர்ட்டை அனுப்பினாள். பிள்ளை மூத்தவளுடையது என்று. கடன் தீர்ந்தது என்று படுத்தாள்.

மறுநாள் சாயங்காலம், இருட்டுகிற நேரம். வீட்டில் திரிந்த பால் வாசம். ஃபிரிட்ஜைத் துடைத்தாள், பாட்டில்களைக் கொதிக்க வைத்தாள். போகவில்லை. அப்புறம்... கிர்... கிர்...

அபார்ட்மெண்ட் வாசல் கதவு. உள்பக்கம். முழங்கால் உயரத்தில் நாலு கீறல்.

"கேண்டி பொம்மைக் காரை இடிச்சிருப்பான்" என்றான் மகிழன். "லீசிங் ஆபீஸ்காரன் பாத்தான்னா வாடகை அட்வான்ஸுல புடிச்சுக்குவான்."

அடுத்த நாள் கீறல் இடுப்பு உயரம். அதற்கடுத்த நாள் நெஞ்சு. தாமரை தூங்கவில்லை. வெளியே போனால் பரவாயில்லை, வீட்டுக்குள் வந்தால் கதவுகள் எல்லாம் தன்னைப் பார்ப்பது போல இருந்தது. சாந்தியிடம் மட்டும் சொன்னாள். சாந்தி கோயில் விபூதியைக் கொண்டுவந்து நிலையில் பூசினாள். காலையில் விபூதி மேலேயே நகம் போயிருந்தது.

"ரிப்போர்ட் குடுத்துட்டேனே அண்ணி. இன்னும் என்னதான் வேணுமாம் அவளுக்கு?"

"நீ கெளம்பறப்ப என்ன சொன்ன?" என்று கேட்டாள் சாந்தி.

"போயிட்டு வர்றேன்னு..." தாமரை வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தபோது வாசல் கதவில் புதிதாக ஒன்றும் இல்லை. குழந்தை தூங்கும் அறைக் கதவில் இருந்தது. உள்பக்கம். ஒரு பெண் நின்று கையை உயர்த்தினால் எட்டுகிற இடத்தில்... நாலு கீறல். தொட்டில் முழுக்கப் பால் வாசம். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது, யாரோ விளையாட்டுக் காட்டுகிற மாதிரி, கதவைப் பார்த்து.

அன்று சாயங்காலம், தாமரை குழந்தைக்குச் சோறூட்டி, வாய் துடைத்து, மகிழன் மடியில் வைத்தாள். கோட்டை மாட்டினாள். கார் சாவியை எடுத்தாள்.

"இந்நேரத்துல எங்க கெளம்பிட்ட?"

செருப்பலமாரிப் பக்கத்தில் நின்றாள். குழந்தை கையை ஆட்டியது. மகிழன் அவள் வாயைப் பார்த்தபடி காத்திருந்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து பால் வாங்கப் போனால்கூட அந்த வார்த்தையைச் சொல்லாமல் அவள் வாசலைத் தாண்டியதில்லை. நாக்கு நுனிவரை வந்தது அது. ஒருத்தியிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது... இரண்டு இடத்துக்கும் எப்படித் திரும்பி வருவது?

விழுங்கினாள். கதவைத் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.