கறாரின் எண்ணிக்கை

பேய் என்றால் நடுராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று உங்களுக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது? இது நடந்தது பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணி பத்து நிமிடம்.

அந்தக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நடுவில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

தொழிற்பேட்டைச் சாலை. மற்ற நாளில் லாரிகளுக்கு நடுவில் புகுந்து புறப்பட வேண்டும். அன்றைக்கு ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் பூட்டிய இரும்புக் கதவுகள். உருகின தார் செருப்பில் ஒட்டி ஒட்டி விடுகிற சத்தம்... சப்... சப்... அது ஒன்றுதான். நடந்து போகிறவள் யார் தெரியுமா? இதோ, மடியில் ஏதோ துணியை மடித்து வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாளே, இவளுடைய சித்தி. சந்தேகம் இருந்தால் அப்புறம் இவளையே கேளுங்கள்.

சித்திக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. பல்லைப் பிடுங்கினால் அந்த இடத்தில் தாடை எலும்பு வற்றிப்போகும் இல்லையா? அந்தக் குழியில் ஒரு வெள்ளைப் பொடியை அடைத்துத் தைத்துவிடுவார்கள். அதைப் பற்றிக்கொண்டு புது எலும்பு வளரும். அப்புறம் அதில் செயற்கைப் பல்லைத் திருகிக்கொள்ளலாம். அந்தப் பொடி மனுசர் வாய்க்குள் போகிறதற்கு முன்னால், அது நல்லதா கெட்டதா என்று பார்க்கிறவள் சித்தி.

எப்படிப் பார்ப்பாள்? ஒரு தட்டு. அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். குழிகளில் உயிருள்ள எலும்புச் செல்கள். அவற்றின் மேல் பொடி. ஒரு குழியில் மட்டும் பொடி போடுவதில்லை, ஒப்பிட்டுப் பார்க்க. தட்டை வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துச் சரியாக எழுபத்திரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். அரை மணி முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் நடை. பிறகு ஒரு சொட்டு நீலச் சாயம். செத்த செல் நீலத்தைக் குடித்துவிடும். உயிரோடு இருப்பது எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே விடாது. வெள்ளையாகவே மின்னும். நுண்ணோக்கியில் பார்த்து நூறு செல்களுக்கு எத்தனை வெள்ளை என்று எண்ண வேண்டும். எழுபது இருந்தால் பொடி தேறியது. இல்லாவிட்டால் குப்பைக்கு.

எண்ணுகிறதற்கு ஒரு சின்ன எஃகுக் கருவி உண்டு. உள்ளங்கையில் அடங்கும். கட்டைவிரலால் ஒரு அழுத்து... டிக்... ஒன்று ஏறும். வெள்ளையைப் பார்த்தால் மட்டும் டிக். நீலத்துக்குக் கிடையாது.

சித்திக்கு அங்கே வைத்த பெயர் கறார். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் பத்து வருடம் உட்கார்ந்தவருக்குப் பெயர் தாராளம். நீலமாகத் தெரிந்தாலும், "லேசா வெள்ளையாத்தான் இருக்கு, பாவம்" என்று ஒரு டிக் போட்டுவிடுவார். அவர் கையால் ஒரு தொகுதிப் பொடிகூடத் தேறாமல் போனதில்லை. பக்கத்து மேசையில் இருந்த சித்தியோடு தினமும் இதற்கே சண்டை. ஒருநாள் அவருக்கே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். "நம்ம பொடியேதான் வெக்கணும்" என்று, தான் தேற்றிவிட்ட தொகுதியிலிருந்தே வாங்கி வைத்துக்கொண்டார். நாலாம் நாள் கன்னம் வீங்கியது. கைக்குட்டையைத் தாடைக்கடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். அறை முழுக்கக் கிராம்புத் தைல வாசனை. வலி தாங்காமல் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவார்... ஸ்ஸ்... ஸ்ஸ்... ஒரு மாதம். அப்புறம் அவர் வரவில்லை. சாவுச் செய்திதான் வந்தது. எதனால் என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

இப்போது அதே கலவையில் புதுத் தொகுதி. திங்கட்கிழமை காலையில் பல் மருத்துவமனைகளுக்குப் போக லாரி தயார். சித்தியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமையே மேலாளர் வந்து சொல்லிவிட்டார்.

"எழுபதுக்கு மேல வரணும். வர வைக்கணும்."

"செல்லு என் பேச்சக் கேக்காது சார்."

"தாராளம் இருந்தவரைக்கும் கேட்டுச்சே."

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வாருங்கள். வாசலில் காவலாளி சாவியைக் கொடுத்தார். "உள்ள யாருமில்லம்மா. ஆனா அந்த ரூம்ல என்னத்தயோ அணைக்காமப் போயிட்டாங்க. காலையிலேர்ந்து டிக் டிக்குன்னு ஒரே சத்தம்."

உள்ளே போனாள். எல்லாம் அணைத்துத்தான் இருந்தது.

மூன்று நாற்பது. தட்டை எடுத்தாள். முதலில் பொடி போடாத குழி. சாயம் விட்டு எண்ணினாள். தொண்ணூற்றாறு வெள்ளை. கருவியிலும் தொண்ணூற்றாறு. கை சரி, செல் சரி, சாயமும் சரி.

அடுத்து பொடி போட்ட குழி. கண்ணை வைத்தாள். எங்கே பார்த்தாலும் நீலம். இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் வெள்ளை. முப்பதோ என்னவோ தேறும். எண்ணி முடித்துக் கருவியைப் பார்த்தாள்.

எழுபத்துநாலு.

கை தவறியிருக்கும் என்று பூச்சியத்துக்குத் திருப்பினாள். மறுபடி எண்ணினாள், மெதுவாக, ஒவ்வொன்றாக... எழுபத்துநாலு.

கருவியை மேசைமேல் வைத்தாள். இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு, நுண்ணோக்கியில் கண்ணை மட்டும் வைத்தாள். ஒரு நீலச் செல்லைப் பார்த்தாள்.

டிக்.

அடுத்த நீலம்.

டிக்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கிராம்புத் தைலம். பின்கழுத்தில் சில்லென்று ஒரு காற்று, உள்ளே இழுக்கிற காற்று... ஸ்ஸ்... ஸ்ஸ்...

பயப்படவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். எழுந்து ஓடியிருக்கலாம். ஓடினால் எண்ணிக்கை நின்றுபோகும். மேசையில் எழுபத்துநாலு இருக்கும். காலையில் யாராவது ஒருத்தர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அதை நினைத்ததும் பயத்தை மீறிக் கோபம் வந்துவிட்டதாம் அவளுக்கு. திரும்பாமலே பேசினாள்.

"அண்ணே, உசுரோட இருந்தப்பவே உங்க கணக்கு எனக்கு ஆகாது. இப்ப சுத்தமா ஆகாது. தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

டிக். டிக். டிக்.

"இந்தப் பொடி நல்ல பொடியா இருந்தாகணும் உங்களுக்கு. அப்பத்தானே இதனால நீங்க சாகலன்னு ஆகும்? எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. அதுக்காக நீலத்த வெள்ளைன்னு எழுத முடியாது."

கருவி நின்றது.

உறிஞ்சுகிற சத்தம் மட்டும் நெருங்கியது. கழுத்திலிருந்து காதுக்கு... காதுக்குள்ளேயே... ஸ்ஸ்ஸ்... கன்னத்தில் ஏதோ துணிமுனை உரசியது. கைக்குட்டை முடிச்சு.

சித்தி என்ன செய்தாள் தெரியுமா? சாயம் விடுகிற சொட்டுக்குழாயில் நிறைய நீலத்தை உறிஞ்சினாள். "உசுர் இருந்தா நீலத்த உள்ள விடாதுண்ணே. பாத்துருவோம்" என்று சொல்லித் தோளுக்கு மேலே பின்பக்கமாக ஒரே பீச்சு!

காத்திருந்தாள். ஒன்று... இரண்டு... மூன்று... பத்துவரை எண்ணினாள்.

சொட்டு விழுகிற சத்தமே வரவில்லை.

திரும்பினாள். வெள்ளைவெளேர் என்று தரை. வெள்ளைச் சுவர். அவளுடைய வெள்ளை அங்கி. எதிலும் ஒரு புள்ளி நீலம்கூட இல்லை. அவ்வளவு சாயமும் எங்கே போயிற்று?

ஆனாலும் ஓடவில்லை, மேசைப் பக்கம் திரும்பினாள். கருவியை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். அது உள்ளே கிடந்து டிக் டிக்கென்று துடித்தது. துடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வெள்ளைக்கு ஒரு கோடு, வெள்ளைக்கு ஒரு கோடு என்று சத்தம் போட்டு எண்ணினாள். இருபத்தொம்பது... முப்பது... முப்பத்தொண்ணு. அதோடு முடிந்தது. "தேறவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அங்கேயே படம் பிடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

திங்கட்கிழமை லாரி காலியாகத் திரும்பியது. மேலாளர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"ஒரு கையெழுத்துல எல்லாத்தயும் கெடுத்துட்டியே!"

"என் கையெழுத்து சார். பொய்க்குப் போட மாட்டேன்."

"அப்படியா? எனக்குப் பல்லு புடுங்கி நாலு நாள்தான் ஆகுது. இதே பொடிய என் வாயிலயே வெச்சுக்கிறேன். ஒண்ணும் ஆகாம வந்து நிக்கிறேன். அப்ப என்ன சொல்லுவ?"

"வேணாம் சார். கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

கேட்கவில்லை. மாதிரிக்கு வைத்திருந்த சீசாவில் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். மூன்று வாரம் விடுப்பு.

மூன்று வாரம் முடிந்த அன்றைக்குக் காலையில் சரியாக ஒன்பது மணிக்கு வந்துவிட்டார். கன்னத்தில் வீக்கம் இல்லை. கட்டு இல்லை. எல்லாரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். காவலாளி கதவைத் திறந்துவிட்டார். நேரே சித்தியின் மேசைக்கு வந்து ஒரு காகிதத்தை வைத்தார். அதே அறிக்கை. முப்பத்தொன்று என்ற இடத்தில் எழுபத்துநாலு.

"பாத்தியா? வந்து நிக்கிறேன். சைன் போடு."

சித்தி ஒரு நிமிடம் ஆடிப்போனாள். நாம்தான் தப்பாக எண்ணிவிட்டோமோ என்றுகூட நினைத்தாளாம். அப்புறம் அந்த நீலம் கண்முன்னால் வந்தது.

"எண்ணினது எண்ணினதுதான் சார். முடியாது."

மேசையை ஓங்கிக் குத்தினார். சாயச் சீசா சாய்ந்தது. திறந்திருந்த சீசா. அத்தனை நீலமும் அவர் கைமேல்...

அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மேசைமேல் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்துக் கையைத் துடைத்துப் போட்டுவிட்டு, "நாளைக்கு வரேன்" என்று போனார்.

சீசா காலி. மேசை காய்ந்து கிடந்தது. சித்தி அந்தத் துணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வெள்ளை. அவ்வளவு நீலத்தையும் அந்தக் கை குடித்துவிட்டிருந்தது.

மறுநாளும் வந்தார். இன்றைக்கும் வந்தாராம். தினமும் ஒன்பது மணி, அதே காகிதம். சித்தியும் தினமும் அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்றுதான் சொல்கிறாள். வேலையை விட்டுவிடு என்று வீட்டில் எல்லாரும் சொல்லியாயிற்று. "நான் எழுந்தா அந்த நாற்காலில யாரு ஒக்காருவா?" என்கிறாள்.

அந்தத் துணியை அவள் தூக்கிப் போடவில்லை. இவளிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறாள். காட்டடி... பயப்படாதே, காட்டு. பார்த்தீர்களா, வெள்ளைவெளேர் என்று? எட்டு மாதமாகத் துவைத்துத் துவைத்துக் காயப்போடுகிறாள். ஒன்று மட்டும் போகவே மாட்டேன் என்கிறது.

வாங்கி ஒருதரம் மோந்து பாருங்கள்.